தலைப்பிரசவம்: சிஸ்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்

வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் நிறைமாதப் பெண்ணுக்கு வலி கண்டால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் சீரகத் தண்ணீர் வைப்பார்கள். குடித்ததும் அடங்கினால் சூட்டு வலி, கூடினால் பிரசவ வலி என்பது அவர்கள் கணக்கு. சரி, அதில் கெடுதல் இல்லை. அடுத்து விளக்கெண்ணெய் பாட்டிலை எடுக்கும்போதுதான் வம்பு. வயிற்றுப்போக்காகி உடம்பில் நீர் வற்றினால் வலி தாங்கத் தெம்பிருக்காது. அதைவிடப் பெரிய தவறு, "திட்டுவாங்க, சொல்லாதே" என்று லேபர் வார்டில் அதை மறைப்பது. வலி கூட்டும் மருந்து ஏற்றும் முன் சிஸ்டருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

காலையில் சேர்த்தவளுக்குச் சாயங்காலமும் பிறக்கவில்லை என்றால் வராண்டாவில் சத்தம் கிளம்பிவிடும்: "ஆபரேஷன் பண்ணிடுங்க!" முதல் பிரசவம் நிதானமாகத்தான் நடக்கும். கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறக்கும்வரை இத்தனை மணி நேரம் என்று கணக்கே கிடையாது. அதற்குப் பிறகு முழுதாகத் திறக்கவும் 12 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆபரேஷன் தேவையா என்பதை குழந்தையின் இதயத் துடிப்பும் தாயின் நிலையும் சொல்லட்டும், கடிகாரம் மட்டும் போதாது.

ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ ராகுகாலம் முடியட்டும் என்று உட்காரக் கூடாது. நீர் பச்சையாக வந்தால் இன்னும் அவசரம். எண்ணூரிலிருந்து ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் கன்டெய்னர் லாரி வரிசையையும் கணக்கில் வைத்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடும் ஏற்பாடு அரசு மருத்துவமனைகளில் உண்டு. பாசத்தில் அழுதுகொண்டே நிற்கும் அத்தையை அனுப்பி என்ன பயன்? இடுப்பை அமுக்கிவிட, தண்ணீர் கொடுக்க, கூடவே மெல்ல நடக்கத் தெரிந்தவர் போகட்டும். அவரும் ஆர்வக்கோளாறில் "முக்கு, முக்கு" என்று ஏவக் கூடாது. கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கும் முன்னால் முக்கினால் அது வீங்கிப்போகும், பெண்ணும் களைத்துவிடுவாள். சிறுநீர் நிறைந்திருந்தாலும் தலை இறங்கத் தடையாகும். முட்டுகிறது என்றால் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்.

சில இடங்களில் சிஸ்டர்கள் அதட்டுவது உண்மைதான். அது அவர்கள் தவறு. அதற்குப் பயந்து வாயை மூடிக்கொள்வது உயிருக்கே ஆபத்தாகலாம், அதிலும் குழந்தை பிறந்த பிறகு. "பிரசவம்னா ரத்தம் போகத்தான் செய்யும்" என்று பக்கத்துக் கட்டில் அம்மா சொல்வார். ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைந்தாலோ, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தாலோ, அந்த நொடியே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.