ரிமாண்டில் முதல் நாட்களைக் கடந்த விதம்

மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தபோது என்னை வாட்டியது சாப்பாடோ கொசுவோ அல்ல. சாயங்காலம் லாக்கப் பூட்டியபின் வரும் நீண்ட இரவுதான். வழக்கு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் கிடப்பது ஆளையே தின்றுவிடும்.

ஒரு நோட்டு வாங்கி வழக்கு எண், சட்டப்பிரிவு, நீதிமன்றம், அடுத்த வாய்தா, ரிமாண்ட் ஆன தேதி எல்லாம் எழுதினேன். அன்றிலிருந்து தூக்கம் வந்தது. ரிமாண்ட் தேதிதான் உயிர்நாடி. அதிலிருந்து 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் நம் உரிமை. தூக்கு, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள வழக்கென்றால் 90 நாள். இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 187-ஆம் பிரிவு. ஆனால் தானாகக் கிடைக்காது. குற்றப்பத்திரிகை வருமுன் மனு போட்டாக வேண்டும். பக்கத்து பிளாக் அண்ணன் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வக்கீலுக்குக் காசில்லையே என்று கலங்காதீர்கள். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வீட்டார் 15100-க்கு போன் செய்து கேட்கலாம்.

உள்ளே யாரிடமும் கடன் வாங்காதீர்கள், பீடிகூட. வழக்கு விவரத்தை எல்லோரிடமும் கொட்டாதீர்கள்.

சர்க்கரை, பிரஷர், வலிப்பு என்று எதற்காவது மாத்திரை சாப்பிடுபவர்கள் உள்ளே வரும் முதல் நாளே சிறை டாக்டரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வையுங்கள். மனு பார்க்க, அதாவது சிறையில் நம்மைச் சந்திக்க வரும் வீட்டாரிடம் பழைய மருந்துச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.