எம்.எஃப்.ஏ. படிக்க சென்னை வருகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி, 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. இங்கே இளங்கலை நான்கு ஆண்டு, எம்.எஃப்.ஏ. எனும் கவின் கலை முதுகலை இரண்டு ஆண்டு. பலர் அந்த இரண்டு ஆண்டையும் இளங்கலையின் ஐந்தாவது, ஆறாவது ஆண்டாக நினைத்துக்கொண்டு சேர்கிறார்கள். இளங்கலையில் ஆசிரியர் குடத்தையும் துணியையும் எடுத்து வைப்பார், நாம் வரைவோம். முதுகலையில் எதை வரைவது என்பதையே நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். அது கையில் இல்லாவிட்டால் முதல் ஆண்டு தடுமாற்றத்திலேயே போய்விடும்.

அடுத்தது போர்ட்ஃபோலியோ, அதாவது உங்கள் படைப்புகளைத் தொகுத்துக் காட்டும் கோப்பு. திறந்தால் பென்சிலில் ஒரு அப்துல் கலாம், அக்ரிலிக்கில் ஒரு புத்தர், வாட்டர் கலரில் கோயில் கோபுரம். எல்லாம் சுத்தமான வேலைதான். ஆனால் யார் வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம். கடைசிப் பக்கத்தில், அப்பா வேலை செய்யும் சாயப்பட்டறையைப் பால்பாயிண்ட் பேனாவில் கிறுக்கிய தாள் ஒன்று செருகியிருக்கும்: ஈர நூல் தொங்கும் மூங்கில், முழங்கை வரை நீலம் ஏறிய கை. அதுதான் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது. அதே பட்டறையைப் பத்துத் தாள்களில் வரைந்து கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

ஊரை மறைப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பேனர் எழுதுபவரின் மகன், குயவர் வீட்டுப் பெண், வீட்டில் முதல் பட்டதாரி என்று பல மாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். வந்ததும் கேலரிகளில் பார்த்த அப்ஸ்ட்ராக்ட் (அரூப) ஓவியங்களைப் போலச் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். 1957-இல் இந்தக் கல்லூரியின் முதல்வரான ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், பிற்பாடு ஜாதகக் கட்டங்களையும் எழுத்துகளையும் வைத்தே படம் செய்தார். திருச்சிப் பக்கம் கீராம்பூரிலிருந்து வந்த ஓவியர் கே.எம். ஆதிமூலம், கோட்டோவியத்தில் தனக்கென ஒரு பாணி வைத்திருந்தார். உங்கள் படத்தைப் பற்றித் தமிழிலேயே பேசுங்கள். தயங்கித் தயங்கிப் பேசும் ஆங்கிலத்தைவிட அது படத்துக்கு நியாயம் செய்யும்.

சரி, வகுப்பறைக்குள் வருவோம். தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 சதவீதம். அதனால்தான் ஒரே ஸ்டுடியோவில் இத்தனை விதமான வாழ்க்கை கிடைக்கிறது. சக மாணவரை 'கோட்டாவில் வந்தவர்' என்று ஒதுக்குவது அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் கண்ணால் உலகத்தைப் பார்க்கும் வாய்ப்பையும் நீங்கள் இழக்கிறீர்கள். சிற்பத் துறையில் சேர வரும் பெண்ணிடம் 'கல்லு, வெல்டிங் எல்லாம் உனக்கு எதற்கு' என்பதும் இதே ரகம்தான். ஊர்க்காரர்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டு திரிவதையும் விடுங்கள். வேறு மாவட்டத்துக்காரரிடம் உங்கள் வேலையைக் காட்டி, என்ன புரிகிறது என்று கேளுங்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்விடலாம். திருவாலங்காட்டு நடராசர், அமராவதிச் சிற்பங்கள் எல்லாம் அங்கேதான். இரண்டு ஆண்டில் ஒரே ஒரு முறை போய் வருபவர்கள் உண்டு. ஸ்கெட்ச் புக்கோடு வாராவாரம் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

அப்புறம் பணம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும். முதுகலையிலும் வரும் என்று நம்பி அறை வாடகைக்குக் கணக்குப் போடாதீர்கள். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கைக்கு வர நாள் பிடிக்கும், சேர்க்கை அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.