ராணி அறையைக் கிள்ளும் முன் முட்டையைப் பாருங்கள்

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் புதிதாகத் தேனீப் பெட்டி வைத்திருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் பெருமையாகச் சொன்னான்: "அண்ணே, அடையோட அடிவிளிம்புல எட்டு ராணி அறை தொங்குச்சு. ஒண்ணு விடாம கிள்ளிட்டேன்." ராணி அறை என்றால் புது ராணி வளரும் கூடு. எனக்குப் பகீர் என்றது. நானும் ஒரு காலத்தில் அப்படிக் கிள்ளியவன்தான்.

புதியவர்கள் செய்யும் தவறுகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். புகை போடாமல் பெட்டி திறப்பதைப் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. நாலு கொட்டு வாங்கினால் தானே புரியும்.

பார்க்காமல் கிள்ளுவது

கூட்டம் பிரியாமல் இருக்க ராணி அறையைக் கிள்ளலாம், சரி. ஆனால் பழைய ராணி உள்ளே இருக்கிறதா? ராணி அறை மூடப்படும் சமயத்தில், அதாவது முட்டையிட்ட எட்டாம் நாள் வாக்கில், பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். நான் ஒரு வாரம் கிள்ளினேன், மறுவாரமும் கிள்ளினேன். இடையில் ராணி போனதைக் கவனிக்கவில்லை. ஈ குறைந்திருந்ததைக்கூட "மேயப் போயிருக்கும்" என்று நினைத்துக்கொண்டேன். முட்டையிலிருந்து வந்து மூன்று நாளுக்குள் இருக்கும் புழுவைத்தான் ராணியாக வளர்க்க முடியும். இரண்டாம் முறை கிள்ளியபோது அப்படி ஒரு புழுவும் மிச்சமில்லை.

அப்புறம் திறந்தபோது ஒவ்வொரு அறையிலும் இரண்டு மூன்று முட்டை, சில சுவரில் ஒட்டியிருந்தன. ராணி திரும்பிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், மடையன்! ராணி ஓர் அறைக்கு ஒரு முட்டைதான், அதுவும் அடியில் வைக்கும். இவை பணித் தேனீக்கள் இட்டவை. அவற்றின் வயிறு குட்டை, அடிவரை எட்டாது. ராணியின் வாசனையும் இளம் புழுவும் இல்லாமல் போனால் இந்தியத் தேனீ சீக்கிரமே இந்த நிலைக்கு இறங்கிவிடும். பணித் தேனீ இணை சேராதது; அது இடும் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் ஈதான் வரும். பணித் தேனீ அறைகளில், ஆண் ஈ அறைக்கு வருவதுபோல நடுவே ஊசித்துளை உள்ள குமிழ் மூடிகள் வந்தபோதுதான் உறைத்தது. பிறகு வேறு ராணியைக் கொடுத்துப் பார்த்தேன், கொன்றுவிட்டன. ரப்பர் தளிர்விட்டுக் காம்பில் தேன் சுரக்கும் நேரத்தில் அந்தப் பெட்டி காலி.

இப்போது முதலில் முட்டையைத் தேடுகிறேன். அறைக்குள் நெட்டாக நிற்கும் முட்டை ஒரு நாள் வயது, மூன்றாம் நாள் படுத்துவிடும். நிற்கும் முட்டை இருந்தால் நேற்றுவரை ராணி இருந்தது. அப்படியானால் கிள்ளுவதைவிட, ராணியோடு இரண்டு மூன்று அடைகளை வேறு பெட்டிக்கு மாற்றி, பழையதில் நல்ல ராணி அறை ஒன்றை விடுவது மேல். முட்டையே இல்லையென்றால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆண் ஈயைச் சோம்பேறி என்று நசுக்குவது

புது ராணி இணை சேர யாரிடம் போகும்?

புழு அறைத் தேனில் கைவைப்பது

தேன் எடுப்பதைப் பெட்டியின் மேல் தட்டோடு நிறுத்துங்கள். கீழே, புழு வளரும் தட்டில் இருப்பது ஈக்களின் மழைக்காலச் சாப்பாடு.

தம்பியின் பெட்டியை நேற்று இருவரும் திறந்தோம். நிற்கும் முட்டை ஒன்றும் இல்லை. என் பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள அடை ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.