குருத்தெலும்பு ஆய்வில் குறும்பெப்டைடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறும்பெப்டைடு உயிர்ச்சீராக்கிகளை, அதாவது சில அமினோ அமிலங்கள் மட்டுமே கோத்த, செல்லின் செயலை மாற்றும் எனக் கருதப்படும் மூலக்கூறுகளைக் கொண்டு குருத்தெலும்புச் செல்களில் சோதனை தொடங்கும் இளம் ஆய்வாளர்களின் குறிப்பேடுகளைப் புரட்டும்போதெல்லாம், முன்பு எங்கள் ஆய்வகத்தில் நடந்த அதே பிழைகள் மீண்டும் வரிசையாக வருவதைக் காண்கிறேன். மாதிரிகளுக்குப் பெயரிடுவது, உறைந்த கரைசலைத் திரும்பத் திரும்ப உருக்காமல் இருப்பது போன்றவற்றை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருகிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். பயிற்சியில் இடம்பெறாதவற்றையும் முடிவையே தலைகீழாக்கக்கூடியவற்றையும் மட்டும் எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்குக் கார்டலாக்ஸ் என்ற பெயரில் அறியப்படும் முப்பெப்டைடை வைத்துக்கொள்வோம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விளாதிமிர் கவின்சனின் குழு ஆராய்ந்த பெப்டைடுகளுள் இதுவும் ஒன்று. அலனைன், குளுட்டாமிக் அமிலம், அஸ்பார்டிக் அமிலம் என்ற வரிசை கொண்ட இதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 333.

உப்பை மறந்துவிட்டுப் பெப்டைடை எடைபோடுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் பிழை இதுதான். அமினோ அமிலங்களைப் பிசின் மேல் ஒவ்வொன்றாகக் கோக்கும் திண்மநிலைத் தொகுப்பில் உருவாகும் பெப்டைடைப் பிசினிலிருந்து பிரிப்பதற்கும், பின்னர் ஹெச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவக் குரோமட்டோகிராபி) முறையில் தூய்மைப்படுத்துவதற்கும் பெரும்பாலும் டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலம், அதாவது டி.எஃப்.ஏ., பயன்படுகிறது. வேறு உப்பாக மாற்றித் தரும்படி கேட்காவிட்டால், பெப்டைடில் நேர்மின்சுமை ஏற்ற ஒவ்வொரு அமீன் தொகுதியோடும் டி.எஃப்.ஏ. அயனி ஒன்று சேர்ந்தே குப்பிக்குள் வருகிறது. சான்றிதழில் காணும் '98% தூய்மை' என்ற வரி, குரோமட்டோகிராமில் தெரியும் முகடுகளுக்குள் நமக்கு வேண்டிய பெப்டைடின் பங்கை மட்டுமே சொல்கிறது. டி.எஃப்.ஏ. அந்த முறையின் ஓடுகரைசலிலேயே (மாதிரியைச் சுமந்து ஓடும் திரவத்திலேயே) கலந்திருப்பதால் அது ஒரு முகடாகத் தெரிவதே இல்லை. தூளில் உள்ள ஈரமும் தெரிவதில்லை.

கணக்கு எளிதானது. டி.எஃப்.ஏ.வின் மூலக்கூறு எடை 114. ஆகவே கார்டலாக்ஸின் டி.எஃப்.ஏ. உப்பு ஏறத்தாழ 447. அதில் பெப்டைடின் பங்கு முக்கால் பாகத்துக்கும் சற்றுக் குறைவு. 333 என்று வைத்துக்கொண்டு கரைசல் தயாரிப்பவர், ஈரத்தைச் சேர்க்காமலேயே, தான் எழுதிய செறிவில் நான்கில் ஒரு பங்கை இழந்துவிடுகிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, கூடவே வரும் டி.எஃப்.ஏ. செல்களைத் தாக்குவதுதான். பெப்டைடுகளின் டி.எஃப்.ஏ. உப்புகள், எலும்பாக்கச் செல்களும் மூட்டுக் குருத்தெலும்புச் செல்களும் பெருகுவதை 10⁻⁸ மோலார் அளவிலேயே குறைப்பதாக 1999-லேயே அமெரிக்க உடலியங்கியல் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. நாம் ஆராயும் அதே செல். நாம் பயன்படுத்தும் அதே செறிவு. எத்தனை மடங்கு நீர்த்தாலும் பெப்டைடுக்கும் டி.எஃப்.ஏ.வுக்கும் உள்ள ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் மாறாது என்பதால், நீர்த்தல் இதற்குத் தீர்வாகாது.

இளம் ஆய்வாளர் ஒருவர் மிக ஒழுங்கான ஒரு வரைகோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பெப்டைடின் அளவு கூடக்கூடச் செல் பெருக்கம் குறைந்தது. பெருக்கத்தைத் தடுத்துச் செல்லின் சிறப்புத் தன்மையைப் பெப்டைடு காக்கிறது என்று விளக்கமும் எழுதி வைத்திருந்தார். இது எந்த உப்பு என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, சான்றிதழிலும் இல்லை, விற்றவரிடம் எழுதிக் கேட்ட பிறகே டி.எஃப்.ஏ. என்று தெரிந்தது. அதே மோலார் அளவில் சோடியம் டிரைஃப்ளூரோ அசிட்டேட்டை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது அதே வரைகோடு வந்தது. ஹைட்ரோகுளோரைடு உப்பாக மாற்றிய பெப்டைடைக் கொடுத்தபோது அந்தச் சரிவு மறைந்தது. மாதக்கணக்கில் சேர்த்த, திசுவிலிருந்து நேரடியாகப் பிரித்த முதன்மைச் செல்கள் எல்லாம், ஒரே ஒரு கேள்வியை முன்கூட்டியே கேட்காததால் வீணாயின.

இரண்டு பெப்டைடுகளை ஒப்பிடும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. லைசினும் குளுட்டாமிக் அமிலமும் சேர்ந்த விலான் என்ற இருபெப்டைடில் இரண்டு அமீன் தொகுதிகள் உள்ளன. அதனோடு இரண்டு டி.எஃப்.ஏ. வரும், எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் அதுவாகவே இருக்கும். சம மோலார் அளவில் கொடுத்து, கார்டலாக்ஸைவிட விலான் பெருக்கத்தை அதிகம் குறைக்கிறது என்று எழுதினால், எதை எதோடு ஒப்பிட்டோம் என்று நமக்கே தெரியாது.

ஆகவே வாங்கும்போதே அசிட்டேட் அல்லது ஹைட்ரோகுளோரைடு உப்பாகக் கேளுங்கள். நிகரப் பெப்டைடு அளவை, அதாவது உப்பும் ஈரமும் நீங்கலாகத் தூளில் உள்ள பெப்டைடின் பங்கை, அமினோ அமிலப் பகுப்பாய்வின் மூலம் பெறுங்கள். நீங்களே மாற்றுவதானால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து உறைநிலையில் உலர்த்துவதைச் சில முறை செய்து, எஞ்சிய டி.எஃப்.ஏ.வை ஃப்ளூரின் என்.எம்.ஆர். அல்லது அயனிக் குரோமட்டோகிராபி மூலம் அளந்து உறுதிப்படுத்துங்கள். அமிலம் செறிவாக இருக்கலாகாது. அஸ்பார்டிக் அமிலத்தை ஒட்டிய பிணைப்பு அமிலத்தில் அறுபடக்கூடியது. மேலும், சோடியம் டிரைஃப்ளூரோ அசிட்டேட் மட்டும் பெறும் ஒரு ஒப்பீட்டுக் குழு எப்போதும் இருக்கட்டும்.

280 நானோமீட்டரில் செறிவை அளப்பது

இந்த அலைநீள ஒளியை உறிஞ்சும் அமினோ அமிலங்களான டிரிப்டோபனும் இந்தப் பெப்டைடில் இல்லை, டைரோசினும் இல்லை. அளக்க எதுவும் இல்லை.

தட்டில் படர்ந்த செல்லைக் குருத்தெலும்பு என்று நம்புவது

தட்டில் ஒற்றை அடுக்காக வளர்த்து, பிரித்துப் பிரித்து மறுபடி விதைக்கும்போது, குருத்தெலும்புச் செல் தன் அடையாளத்தை இழக்கிறது: குருத்தெலும்புக்கு உரிய புரதங்களான இரண்டாம் வகைக் கொலாஜனும் அக்ரிகானும் குறைகின்றன, முதல் வகைக் கொலாஜன் கூடுகிறது, வடிவமும் நாரரும்புச் செல்லை (ஃபைப்ரோபிளாஸ்ட்) போல நீண்டுவிடுகிறது. இப்படி மாறிய செல்களை அகரோஸ் கூழுக்குள் வைத்தால் பழைய தன்மை திரும்புவதை 1982-ல் பென்யாவும் ஷாஃபரும் காட்டினார்கள். நான்காம் ஐந்தாம் மறுவிதைப்புச் செல்களில் பெப்டைடைச் சோதித்துவிட்டுக் குருத்தெலும்பைப் பற்றி முடிவு எழுதுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆல்ஜினேட் மணிகளிலோ செல் உருண்டையிலோ அதே சோதனையைத் திரும்பச் செய்து, இரண்டாம் வகைக் கொலாஜனுக்கும் முதல் வகைக்கும் உள்ள விகிதத்தை முடிவோடு சேர்த்துக் காட்ட வேண்டும்.

திசுத் துண்டிலும் ஊடகத்திலும் (வளர்ப்புத் திரவத்திலும்) ஒரே செறிவு என்று கொள்வது

மூலக்கூறு சிறியது, எனவே எளிதில் ஊடுருவும் என்று பலர் கருதுகிறார்கள். அளவைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் கார்டலாக்ஸ், உடலியல் அமிலக்கார நிலையில் நிகரமாக இரண்டு எதிர்மின்சுமை கொண்டது. குருத்தெலும்போ அக்ரிகானின் சல்பேட் தொகுதிகளால் நிலையான எதிர்மின்சுமை நிறைந்தது. நிலையான மின்சுமை உள்ள திசுவுக்கும் ஊடகத்துக்கும் இடையே அயனிகள் பிரிந்து நிற்கும் விதத்தைச் சொல்லும் டோனன் சமநிலையின்படி இத்தகைய அயனி திசுவின் நீரில் ஊடகத்தைவிடக் குறைந்த செறிவிலேயே நிற்கும். திசுவிலிருந்து பிரித்தெடுத்து நிறைநிரல்மானியில் அளந்த பிறகே உள்ளே இருக்கும் அளவைப் பற்றிப் பேசுங்கள்.

சீரத்தைக் கணக்கில் கொள்ளாதது

கன்றுக் கருச் சீரத்தில் பெப்டைடுகளைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன. மூன்று நாளுக்கு ஒருமுறை ஊடகம் மாற்றுபவர், மூன்றாம் நாளில் பெப்டைடு எஞ்சியிருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். சிதைந்த பின் விளைவைத் தருவது அமினோ அமிலங்களாகவும் இருக்கலாம் என்பதால், மூன்று அமினோ அமிலங்களின் கலவை ஒரு ஒப்பீட்டுக் குழுவாகவும், அதே மூன்றும் வரிசை மாறிய பெப்டைடு இன்னொன்றாகவும் அமைய வேண்டும். வரிசை மாற்ற ஐந்து வழிகள் உள்ளன. ஒன்றையாவது செய்து வாங்குங்கள்.

கிணறுகளை (வளர்ப்புத் தட்டின் குழிகளை) மாதிரிகளாக எண்ணுவது

ஒரே கொடையாளரின் செல்களை எத்தனை கிணறுகளில் விதைத்தாலும் மாதிரி எண்ணிக்கை ஒன்றுதான்.

'ஆய்வுக்கு மட்டும்' என்ற குப்பியை மனிதருக்குக் கொடுப்பது

கூடாது. செல்லில் கண்ட விளைவு மூட்டு வலிக்கான மருந்தாகாது. அந்தக் குப்பி மனிதப் பயன்பாட்டுக்கான தரத்தில் தயாரிக்கப்பட்டதும் அல்ல. யாராவது கேட்டால் இதையே சொல்லி அனுப்புங்கள்.