அத்தியாயத்தைச் சிறுகதையாக்கும்போது

போன மாதம் ஒரு சிறுகதைப் பட்டறைக்காக 12 கதைகள் படித்தேன். அதில் 4 கதைகள், எழுதிக்கொண்டிருக்கும் நாவலிலிருந்து உருவிய அத்தியாயங்கள். நான்கிலும் நான் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகள். பெயர்க் குழப்பம், ஒருமை பன்மைப் பிழையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். மற்றதைச் சொல்கிறேன்.

முன்கதையைச் சுமத்துவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. என் நாவலின் 11ஆம் அத்தியாயத்தில் ஓர் அக்கா, அப்பா வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித்தரச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருகிறாள். பேனாவைக் கையில் வாங்கியவள் கீழே வைத்துவிடுகிறாள். ஏன்? தம்பி படிப்புக்காக அவள் தோடு அடகுக்குப் போய் மூழ்கியது 3ஆம் அத்தியாயத்தில். சிறுகதை படிப்பவருக்கு அது தெரியாதே என்று பயந்து, தொடர்கதைக்குப் போடுவார்களே ‘முன்கதைச் சுருக்கம்’, அதுபோல முதல் பக்கம் முழுக்க விளக்கித் தள்ளினேன். ஒரு பத்திரிகை எட்டு மாதம் வைத்திருந்து திருப்பி அனுப்பியது. எட்டு மாதம்!

அப்புறம் அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்துவிட்டு இரண்டு வரி சேர்த்தேன். கையெழுத்துப் போடக் குனிகிறாள். காதுத் துளை தூர்ந்துவிடாமல் செருகியிருந்த வேப்பங்குச்சி கழன்று பத்திரத்தின்மேல் விழுகிறது. தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் அதை எடுத்துக் கொடுக்கிறான். கதையில் ‘அடகு’ என்ற சொல்லே கிடையாது. படித்த யாரும் அவள் ஏன் பேனாவை வைத்தாள் என்று கேட்கவில்லை.

காரணம் முந்தைய அத்தியாயத்தில் கிடந்தால், அதைக் காட்சிக்குள் ஒரு பொருளாகக் கொண்டுவாருங்கள். வரவே மாட்டேன் என்கிறதா, அந்த அத்தியாயம் தனியாக நிற்காது. வேறொன்றை எடுங்கள்.

அத்தியாயம் முடிந்த இடத்திலேயே முடிப்பது

அத்தியாயத்தின் கடைசி வரி அடுத்ததற்குக் கதவைத் திறந்துவைக்கும். சிறுகதைக்கு அடுத்தது கிடையாது. அமெரிக்க எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் 1952இல் வெளிவந்த தன் நாவலின் முதல் அத்தியாயத்தை 1947இலேயே தனிக்கதையாக வெளியிட்டார். தாத்தா சாகும்போது சொன்ன வார்த்தைகள் தொடக்கத்தில் பேரனை அலைக்கழிக்கின்றன. முடிவில் அதே தாத்தா கனவில் வருகிறார், அவர் சிரிப்பு காதில் ஒலிக்க அவன் விழித்துக்கொள்கிறான். எழுப்பிய கேள்வியிடமே கதை திரும்பி வந்துவிடுகிறது. நாவல் படிக்காதவருக்கும் அது போதும்.

கூட்டம்

அடுத்த அத்தியாயத்துக்காக வந்துபோகிறவர்களை எடுத்துவிடுங்கள்.

சொல்லாமல் அனுப்புவது

நாவல் ஏற்கெனவே அச்சில் வந்திருந்தால் பத்திரிகை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதிப்பக ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள்.