எண்ணூர்க் கழிமுகத்தில் கன்று நடும் முன்

வடசென்னையில் கொசஸ்தலையாறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்க வரும் தன்னார்வலர்களின் அக்கறையில் எனக்கு ஐயமில்லை. அந்த அக்கறையே சில நேரங்களில் சேற்றுக்குத் தீங்காகிவிடுவதைக் கண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

வெறும் சேறாகத் தெரியும் இடத்தையெல்லாம் தரிசு என்று கருதி அலையாத்திக் கன்றுகளை நடுவதுதான் பெரிய தவறு. நீர் வற்றும்போது வெளிப்படும் அந்தத் திட்டில்தான் உள்ளான் என்னும் கரைப்பறவைகள் இரை தேடுகின்றன. அதை ஒட்டிய நீரில்தான் கையால் தடவி இறால் பிடிப்போர் பிழைக்கிறார்கள். கன்றுக்கும் அந்த இடம் ஆகாது. அலையாத்தி வகைகளில் ஒன்றான வெண்கண்டல், ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் காற்று வாங்கும் மேல்விளிம்பில் வேர்பிடிக்கும் மரம். நாளின் பெரும்பகுதி மூழ்கிக் கிடக்கும் தாழ்ந்த சேற்றில் அதன் கன்று மூச்சுமுட்டிச் சாகும். அப்படி ஒரு நடவிடத்தைச் சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, கன்றுகளுக்குத் துணையாக ஊன்றிய மூங்கில் குச்சிகள் மட்டுமே வரிசை குலையாமல் நின்றன; ஒவ்வொன்றிலும் காக்கா ஆழிகள் கொத்துக்கொத்தாக அப்பியிருந்தன. தென்னமெரிக்கக் கரைகளிலிருந்து வந்து, கழிமுகத்தின் அடித்தரையை மூடி இறால் வளத்தைக் கெடுக்கும் அந்தச் சிப்பிக்கு நாமே குச்சி நட்டு இடம் கொடுத்திருந்தோம்.

தாய்மரங்கள் அருகில் இருந்தால் விதை ஏற்றத்தோடு தானே வந்து சேரும். அனல்மின் நிலையச் சாம்பலோ மண்கரையோ அடைத்த ஓடையில் நீரோட்டத்தை மீட்பதே பல இடங்களில் நடவைவிட முக்கியமான வேலை. ஆனால், கடலோர ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும் இடம் இது என்பதால், உரிய அனுமதியின்றி மண்வெட்டியைத் தொடக் கூடாது.

குப்பை அகற்றும்போதும் நிதானம் வேண்டும். சேற்றிலிருந்து பென்சில் முனைகளைப் போல நீட்டிக்கொண்டிருப்பவை மரத்தின் மூச்சுவேர்கள். அவற்றில் சிக்கிய நைலான் வலையைப் பிடித்து இழுத்தால் வேரும் ஒடிந்து வரும், ஆகவே கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதைப் போன்ற வேளைகளில், பயிற்சியில்லாதவர்கள் கூட்டமாக இறங்கி மிதித்தால் மேலே படிந்த எண்ணெய் சேற்றின் ஆழத்துக்குப் போய்விடும். கையுறையின்றித் தொடுவது உடலுக்கும் கேடு.

விடுமுறை நாள் பார்த்து வருவதும் தவறுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும் என்பதால், எந்நாளில் எந்நேரத்தில் இறங்கலாம், எந்த இடம் யாருடைய பாடு, அதாவது மீன்பிடி முறைக்குரிய இடம், என்பதைக் குப்பத்து மீனவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நட்ட எண்ணிக்கையைப் பதாகையில் போடுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஓராண்டு கழித்துப் பிழைத்தவை எத்தனை என்பதைக் குறித்துவைக்க வேண்டும். கூடவே மாதந்தோறும் ஒரே கம்பத்தருகே நின்று, தேதியும் நீர்மட்டமும் புல எண்ணும் குறித்து எடுத்த படங்கள் இருந்தால், நாளை அங்கே மண் கொட்டப்படும்போது மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவோடு அவற்றையே இணைக்கலாம்.