ஒரு பீரியடுக்கு வேதாரண்யம்: வரலாற்று வகுப்புக்குத் துணைக்கருவி செய்வது எப்படி?

பத்தாம் வகுப்பில் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறோம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நம் பிள்ளைகள் பஸ்ஸில் போய்வருகிற ஊர்கள் வழியாகத்தான் அந்தப் படை நடந்தது. புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்கள் இதிலிருந்து தொடங்கலாம். நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

1. முதலில் கேள்வி

சார்ட் வாங்க ஓடாதீர்கள். 1930இல் ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டார்கள். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் அறிவித்தார். படை பட்டினி கிடக்கவில்லை. அப்படியானால் சோறு போட்டது யார்? இந்த ஒரு கேள்வி போதும். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

2. வழிப்படம்

சார்ட்டில் காவிரி, கொள்ளிடம், வெண்ணாற்றை நீலத்தில் வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. மேலே சொன்ன ஊர்களைக் குறித்து, திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை சிவப்பு நூலைக் குண்டூசியில் இழுத்துக் கட்டுங்கள். ஓரத்தில் மூன்று தேதிகள்: ஏப்ரல் 13 புறப்பாடு, 28 வந்து சேர்ந்தது, 30 உப்பு அள்ளியது. மொத்தம் சுமார் 150 மைல். ஒரு நாளைக்கு எவ்வளவு நடந்தார்கள் என்பதை நீங்கள் எழுதிவைக்காதீர்கள், பிள்ளைகள் கணக்குப் போடட்டும். ஏப்ரல் 13 என்றதும் யாராவது ஜாலியன்வாலா பாக் என்று சொன்னால் அன்றைக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை: இன்றைய மாவட்ட எல்லைகளைப் போடாதீர்கள். அப்போது நாகப்பட்டினமும் திருவாரூரும் மயிலாடுதுறையும் தஞ்சாவூர் ஜில்லாவுக்குள் இருந்தவை.

3. சீட்டுகள்

பழைய காலண்டர் அட்டையை வெட்டி இரண்டு கட்டுச் சீட்டுகள் செய்யுங்கள். வெள்ளைச் சீட்டில் ஆவணங்களில் உள்ளது: கலெக்டரின் அறிவிப்பு, தேதிகள், வேதாரண்யத்தில் படைக்கு ஆதரவாக நின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளை. மஞ்சள் சீட்டில் மக்கள் சொல்லி வந்தது. சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டிவிட்டுப் போனார்கள் என்ற செய்தி அங்கேதான் போக வேண்டும். "இதை எப்படிச் சரிபார்ப்போம்?" என்று குழுவுக்குக் குழு கேளுங்கள். தாத்தா பாட்டியிடம் விசாரித்து வரச் சொன்னால் இன்னும் பத்து மஞ்சள் சீட்டு சேரும், சில ஒன்றுக்கொன்று முரண்படும். அது நல்லதுதான்.

நான் ஒரு தடவை ஒரு தொண்டர் வீட்டுக்கு எழுதியதுபோல் நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். கற்பனை என்று குறிக்க மறந்துவிட்டேன். அரையாண்டுத் தேர்வில் ஒரு பையன் அதையே ஆதாரமாக எழுதியிருந்தான். மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு என்ன யோக்யதை? அதிலிருந்து கற்பனைக்குப் பச்சைச் சீட்டு.

4. உப்பு

ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் கல்லுப்பைக் கரைத்தால் ஏறக்குறைய கடல்நீரின் கரிப்பு வந்துவிடும். அதில் கொஞ்சத்தை அகலமான எவர்சில்வர் தட்டில் மெல்லிசாக ஊற்றி, முதல் நாள் காலையிலேயே வெயிலில் வையுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளையை அழைத்துத் தட்டைச் சுரண்டச் சொல்லுங்கள். கையில் உப்பு வந்ததும், "லைசென்ஸ் இருக்கா? இல்லையா? வா ஸ்டேஷனுக்கு" என்று மணிக்கட்டைப் பிடியுங்கள். உப்புச் சட்டம் என்றால் என்ன என்று அப்புறம் விளக்கவே வேண்டாம்.

5. வரிசை

உப்பில் தொடங்கி, படத்துக்குப் போய், சீட்டுகளுக்குக் கால் மணி நேரம் விடுங்கள். கேள்விக்கான பதிலை ஆளுக்கு நாலு வரி நோட்டில் எழுதட்டும், எந்தச் சீட்டை நம்பி எழுதினார்கள் என்பதோடு.

சார்ட்டைச் சுருட்டிப் பாலிதீன் உறையில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வையுங்கள், கீழே வைத்தால் கரையான். மீதிக் கல்லுப்பை அதோடு சேர்த்து வைக்காதீர்கள், ஐப்பசி அடைமழையில் நீர்த்து ஒழுகி நூலின் சாயத்தைப் படத்தில் இறக்கிவிடும்.